காலடி மண்ணில் குடியிருப்போர் கணக்கு: சென்னையில் புதிதாக எண்ணத் தொடங்குவோருக்கு

மண் பரிசோதனை என்றால் நமக்கெல்லாம் உடனே நினைவுக்கு வருவது தழை, மணி, சாம்பல், பி.எச். (மண்ணின் அமில, காரத் தன்மை) அவ்வளவுதான். 2015இல் மத்திய அரசு கொண்டுவந்த மண்வள அட்டையில் மொத்தம் 12 அளவீடுகள்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் பி.எச்., உப்பின் அளவு, கரிமச்சத்து. பயனுள்ள அட்டை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 12இல் ஒன்றுகூட உயிருள்ளதைப் பற்றியது இல்லை. இந்த மண்ணில் மண்புழு இருக்கிறதா, விழுகிற இலையைத் தின்று பொடியாக்க ஒரு மரவட்டையாவது இருக்கிறதா என்று கேட்டால் அட்டைக்குத் தெரியாது. உலகத்து உயிரினங்களில் பாதிக்கும் மேல் மண்ணில்தான் வாழ்கின்றன என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நம் வீட்டு வாசலில் அவற்றில் எத்தனை இருக்கின்றன என்பதை நாம்தான் எண்ண வேண்டும்.

எண்ணுவதற்கு விலங்கியல் படித்திருக்கத் தேவையில்லை. தோண்ட ஒரு கரணை, வெள்ளை ட்ரே, ஒரு நோட்டு, வருடத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலை, இவை போதும். ஒரே இடத்தை, ஒரே முறையில், ஒரே பருவத்தில் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பூச்சியின் பெயர் தெரியவில்லையா, பரவாயில்லை, 'தெரியாத வகை 1' என்று எழுதுங்கள். பெயரைப் பிறகு கண்டுபிடிக்கலாம், எண்ணாமல் விட்ட வருடத்தைப் பிறகு எண்ண முடியாது.

முதலில் அது எந்த ஊர் மண் என்று விசாரியுங்கள்

சென்னை ஒரே மண் கிடையாது. திருவான்மியூர், கொட்டிவாக்கம், அடையாறு, சாந்தோம், தண்டையார்பேட்டை என்று கடலோரம் முழுக்க மணல்பாங்கு. தண்ணீர் ஊற்றினால் சர்ரென்று இறங்கிவிடும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பக்கம் களி. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. மணலில் இருக்கிற புழுவின் எண்ணிக்கையைக் களிமண்ணோடு ஒப்பிட்டு 'எங்கள் மண் மோசம்' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் லாரி மண். நம் அடுக்குமாடி வளாகங்களில் பாதிக்கு மேல், தோட்டம் என்ற பெயரில் இருப்பது கட்டடம் முடிந்ததும் லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண்ணோ சவுடோதான், அதற்குக் கீழே ஒரு சாண் தோண்டினால் ரப்பீஸ், செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி எல்லாம் வரும். ஆகவே எண்ணத் தொடங்கும் முன், பழைய ஆட்களிடம், வாட்ச்மேனிடம், தோட்டவேலை செய்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மண் எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, கடைசியாக எப்போது பூச்சிமருந்து அடித்தார்கள், கரையான் மருந்து ஊற்றினார்களா, இலையை அள்ளுகிறார்களா, கொளுத்துகிறார்களா. இந்த அரைப் பக்கக் குறிப்பு இல்லையென்றால் பின்னால் உங்கள் எண்களுக்குக் காரணம் சொல்லவே முடியாது.

மாடித் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பையில் புழு நிறைய இருந்தால் அது பெரும்பாலும் உரத்தோடு வந்து இறங்கிய புழு. உரத்தொட்டிகளில் பரவலாக வளர்க்கப்படும் யூட்ரிலஸ் யூஜினியே ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பைக்கு அதனால் நன்மைதான், ஆனால் உங்கள் தெரு மண்ணின் நலத்தை அது சொல்லாது. நம் பக்கத்து நிலத்தில் இயல்பாகக் கிடைப்பவை லாம்பிட்டோ மாரிட்டி, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் போன்றவை. சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர்ப் புழுக்களின் அருமையைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லி வருபவர். எண்ணுவதற்கு, முடிந்தால், தரையில் இருக்கும் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது எண்ணுவது

நான் முதன்முதலில் தோண்டியது மே மாதம். அக்னி நட்சத்திர வெயிலில் ஐந்து குழி தோண்டினேன், ஒரு புழுகூட இல்லை, எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் போய் 'மண் செத்துவிட்டது' என்றே சொல்லிவிட்டேன். அதே இடத்தை டிசம்பர் கடைசியில் தோண்டியபோது ஒவ்வொரு குழியிலும் புழு இருந்தது. மண் சாகவில்லை, வெயில் காலத்தில் புழுக்கள் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு கிடக்கும், என் கரணை எட்டாத ஆழம் அது. கூட்டத்தில் திரும்பவும் எழுந்து நின்று நான் சொன்னது தவறு என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

நம் ஊருக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை ஓய்ந்து மண் ஈரமாக, ஆனால் சேறாக இல்லாமல் இருக்கும் டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் பாதி, இதுதான் முதல் கணக்கெடுப்புக்குச் சரியான நேரம். இரண்டாவதை ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை மழை பெய்யும் நாட்களில் வைத்துக்கொள்ளலாம். கனமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் விடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வந்ததுபோல வெள்ளம் நின்றால் அதையும் தேதியோடு எழுதுங்கள், நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்த மண்ணின் எண்ணிக்கை மறு வருடம் எப்படித் திரும்புகிறது என்பதே அருமையான தகவல். எண்ணும் நேரம் காலை 7 மணி வாக்கில் இருக்கட்டும்.

குழி தோண்டி எண்ணுவது

வெப்பமண்டல மண் ஆய்வாளர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அளவு இது: 25 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். தடிமனான கம்பியை வளைத்து 25-க்கு 25 சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். இந்த அளவில் ஒரு வசதி, 16 குழி சேர்ந்தால் சரியாக ஒரு சதுர மீட்டர். ஒரு குழியில் 7 புழு என்றால் சதுர மீட்டருக்கு 112.

ஓர் இடத்தில் ஐந்து குழியாவது வேண்டும், ஏனென்றால் மண்ணுயிர்கள் சீராகப் பரவி இருக்காது, ஒரு குழியில் 20 இருக்கும், மூன்று அடி தள்ளி ஒன்றுகூட இருக்காது. எங்கே தோண்டுவது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈரமாக, நிழலாக, புழு இருக்கும்போலத் தெரிகிற இடத்துக்கே கை போகும். தோட்டத்தைக் காகிதத்தில் கட்டம் போட்டு, எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுங்கள். அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இ.பி. கேபிளும் குடிநீர்க் குழாயும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று கேட்காமல் கடப்பாரையைத் தொடவே கூடாது.

சரி, இடம் தயார். சட்டத்தை வைத்ததும் முதலில் மேலே கிடக்கும் இலைச் சருகைத் தனியாக ஒரு பையில் அள்ளுங்கள், அதில் இருப்பவர்கள் வேறு கூட்டம். பிறகு சட்டத்தைச் சுற்றிச் செங்குத்தாக வெட்டி, முதல் 10 செ.மீ., அடுத்த 10, கடைசி 10 என்று மூன்று அடுக்காக எடுத்து, மூன்றையும் தார்ப்பாயில் தனித்தனிக் குவியலாக வையுங்கள். ஒவ்வொரு கைப்பிடியாக வெள்ளை ட்ரேயில் போட்டு, கட்டியைக் கையால் மெதுவாக உடைத்துத் தேட வேண்டும். குழிக்கு ஓர் ஆள், 30 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் எல்லாக் குழிக்கும் அதே நேரம்தான், ஒன்றில் சலித்துப்போய் 10 நிமிடத்தில் எழுந்துவிட்டால் அந்த எண் பயன்படாது. கையை நனைத்துக்கொண்டு புழுவைத் தொடுங்கள், அதன் தோல் காய்ந்தால் மூச்சு விட முடியாது.

கழுத்துப் பக்கம் பட்டைபோலத் தடித்திருந்தால் அது வளர்ந்த புழு. பட்டை இல்லாதவை குட்டிகள். இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். குட்டிகள் நிறைய இருந்தால் அங்கே இனப்பெருக்கம் நடக்கிறது என்று பொருள், அது மொத்த எண்ணிக்கையைவிட முக்கியமான செய்தி.

30 செ.மீ.க்கும் கீழே இருக்கும் புழுக்களை மேலே வரவைக்கக் கடுகு உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கடுகுப் பொடி, முந்தின இரவே கரைத்து வைத்தால் காரம் நன்றாக இறங்கும். தோண்டிய குழிக்குள் மெதுவாக ஊற்றி 15 நிமிடம் காத்திருங்கள், எரிச்சல் தாங்காமல் மேலே வரும். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும், இதை மறக்கக் கூடாது. களிமண்ணில் தண்ணீர் இறங்கவே நேரமாகும், அங்கே இந்த முறை அவ்வளவாக எடுபடாது.

எல்லாம் முடிந்ததும் அடி அடுக்கை முதலில், மேலடுக்கைக் கடைசியில் போட்டுக் குழியை மூடி, சருகையும் புழுக்களையும் திருப்பி விட்டுவிடுங்கள்.

யார் யார் வருவார்கள்

மண்புழுவைத் தவிர, மரவட்டை (நம் பிள்ளைகளுக்கு ரயில் பூச்சி), பூரான், கரையான், பிள்ளைப்பூச்சி, தொட்டால் உருண்டையாகச் சுருளும் சாம்பல் நிறப் பூச்சி, ஆங்கில எழுத்து 'சி' போல வளைந்து கிடக்கும் வெள்ளை வண்டுப்புழு, காய்ந்த மணலில் குழியானை. இப்படிப் பத்துப் பன்னிரண்டு கூட்டமாகப் பிரித்தாலே தொடக்கத்துக்குப் போதும். எத்தனை கூட்டம் வந்தது என்பதும் ஓர் அளவு: இலையைத் தின்பவை, மண்ணைத் தின்பவை, வேட்டையாடுபவை மூன்றும் இருந்தால் அந்த மண்ணில் வேலை முழுமையாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கரையானைப் பார்த்ததும் மருந்தைத் தேடி ஓடாதீர்கள், தோட்டத்தில் காய்ந்த மரத்தை மண்ணாக்கும் வேலை அதனுடையது.

பூரானும் தேளும் சருகில் இருக்கும், கையுறை கட்டாயம். நாய், பூனை கழிக்கும் இடங்களில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், கொக்கிப்புழு பாதத் தோல் வழியாக ஏறும். பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் எடுக்கக் கூடாது, அதன் உடலில் மனித மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். சுத்தியல்போன்ற தலையோடு வழவழவென்று ஒரு தட்டைப்புழு வந்தால் படம் எடுத்து வையுங்கள், அது மண்புழுவை வேட்டையாடுவது.

எறும்புக்குத் தோண்டவே வேண்டாம். ஒரு வெள்ளை அட்டையில் வெல்லத் துணுக்கு, இன்னொன்றில் கருவாட்டுத் துணுக்கு, ஐந்து இடத்தில் வைத்து 45 நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்கள். பிள்ளையார் எறும்பு, கட்டெறும்பு, சிவப்புக் கடி எறும்பு என்று எத்தனை வகை வந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டால் ஆயிற்று.

கண்ணுக்குத் தெரியாத சிறுசுகளுக்குப் புனல்

மண்ணில் கால் உள்ள உயிர்களில் எண்ணிக்கையில் பெரும்படை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருக்கும் உண்ணிகளும் (மாட்டில் ஒட்டி ரத்தம் குடிக்கும் உண்ணி அல்ல) துள்ளிக் குதிக்கும் ஸ்பிரிங்டெயில்களும்தான். இவற்றைப் பிரிக்க இத்தாலியர் பெர்லேசி 1905இல் ஒரு புனலை உருவாக்கினார், பிறகு ஸ்வீடனைச் சேர்ந்த டுல்கிரென் அதற்கு மேலே பல்பை வைத்தார். வெளிச்சமும் சூடும் மேலிருந்து வந்தால் பூச்சிகள் இருட்டையும் ஈரத்தையும் தேடிக் கீழே இறங்கும், அவ்வளவுதான் தத்துவம்.

இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, மூடியைக் கழற்றி, தலைகீழாக அடிப்பாகத்திலேயே செருகுங்கள். உள்ளே 2 மி.மீ. கண் உள்ள வலைத் துண்டு. அதன்மேல் ஒரு டம்ளர் அளவு சருகும் மேல்மண்ணும். அடிப்பாகத்தைச் சுற்றிக் கறுப்புத் தாள். மேலே ஒரு சாண் உயரத்தில் 25 வாட்ஸ் குண்டு பல்பு, எல்.இ.டி. பல்பு சூடாகாது, அது உதவாது. கீழே, சேமித்து வைப்பதாக இருந்தால் மருந்துக் கடை ஸ்பிரிட் கொஞ்சம். ஆனால் ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கக்கூடியது, பல்பை எரியவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். எனக்குப் பிடித்தது ஈரமான டிஷ்யூ தாள். பூச்சிகள் உயிரோடு இறங்கும், பார்த்துவிட்டு விட்டுவிடலாம், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதுதான் நல்லது. பல்பே இல்லாமல் மின்விசிறி ஓடும் அறையில் ஒரு வாரம் வைத்தாலும் மண் மெல்லக் காய்ந்து ஓரளவு இறங்கிவிடும். அவசரப்பட்டுப் பல்பை நெருக்கி வைத்தால் இறங்குவதற்குள் செத்துப்போகும்.

பார்க்க 10 மடங்கு பெரிதாக்கும், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற லென்ஸ் போதும், இல்லாவிட்டால் போனில் மாட்டும் லென்ஸ். தொட்டதும் துள்ளுவது ஸ்பிரிங்டெயில். எட்டுக் காலோடு உருண்டையாக நகர்வது உண்ணி. இரண்டையும் தனியாக எண்ணுங்கள்.

நுண்ணுயிருக்கு வேட்டியும் சுண்ணாம்பும்

பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வீட்டில் எண்ண முடியாது, அவை செய்யும் வேலையை அளக்கலாம். சுத்தமான பருத்தி வேட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து 10-க்கு 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, சின்ன டிஜிட்டல் தராசில் எடை போட்டு, 8 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். ஒவ்வொன்றிலும் நைலான் நூல் கட்டி மேலே விட்டால்தான் திரும்பக் கிடைக்கும். குளிர் நாடுகளில் இதுபோன்ற சோதனைக்கு மூன்று மாதம்கூட விடுவார்கள், நம் சூட்டுக்கு 30 முதல் 40 நாள் போதும். எடுத்து, மண்ணைத் தட்டி, காயவைத்து, மறுபடி எடை. எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தின்றிருக்கிறார்கள். பாலியஸ்டர் கலந்த துணி மக்காது. கரையான் அரித்திருந்தால் அந்தத் துண்டைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று மண்ணின் மூச்சு. வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு கோலியளவு எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரவு முழுக்க மூடிவைத்துத் தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் எரியும், கவனம். காற்றுப் புகாத மூடியுள்ள மூன்று கண்ணாடி பாட்டில்கள். ஒன்றில் 200 கிராம் ஈர மண், வேர்களைப் பொறுக்கிவிட்டு. இரண்டாவதில் அதே மண்ணை, உள்ளிருக்கும் உயிர்கள் சாகும்படி, பழைய வாணலியில் நன்றாக வறுத்து, ஆறவைத்து, மறுபடி நனைத்தது. மூன்றாவது காலி. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தெளிநீர் வைத்து இறுக மூடுங்கள். மண்ணுயிர் மூச்சு விட்டால் வரும் கரியமில வாயு தெளிநீரைப் பால்போலக் கலக்கும். காலியிலும் மெல்லிய ஆடை படியலாம், பாட்டிலில் இருக்கும் காற்றால். அதனால்தான் அது வேண்டும். மறுநாள் காலை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் அதுவே பதிவு.

நேரம் இருந்தால் தண்ணீர் இறங்கும் வேகத்தையும் பாருங்கள். 15 செ.மீ. விட்டமுள்ள குழாய்த் துண்டை மண்ணில் அழுத்தி 440 மி.லி. தண்ணீர் ஊற்றினால் அது 2.5 செ.மீ. மழைக்குச் சமம். எத்தனை நிமிடத்தில் காணாமல் போகிறது என்று எழுதுங்கள். புழுத் துளைகள் உள்ள மண்ணில் வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

நோட்டு

தேதி, நேரம், ஜி.பி.எஸ். புள்ளி, கடைசி மழை எத்தனை நாள் முன், மேலே என்ன மரம், சருகு எத்தனை விரல்கடை உயரம், எண்ணியவர் யார், எவ்வளவு நேரம். பிறகு எண்கள். ஒன்றும் வராத குழிக்குக் கட்டாயம் 0 என்று எழுதுங்கள், காலியாக விட்டால் அடுத்த வருடம் உங்களுக்கே அது 'இல்லை'யா, 'எண்ணவில்லை'யா என்று தெரியாது. மண்ணை முகர்ந்தும் பாருங்கள். மழை வாசனை வந்தால் அதைத் தரும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் கிடக்கிறது.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் பெயர் சொல்ல ஆட்கள் வருவார்கள். மண்புழுவை மட்டும் படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம். சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒரு வருடக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். மண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுத்து நுண்ணுயிரெல்லாம் யார் யார் என்று சொல்லும் ஆய்வகங்களும் உண்டு, ஆனால் முதல் இரண்டு வருடம் அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கிண்டி தேசியப் பூங்கா, நன்மங்கலம் காப்புக்காடு, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போன்ற இடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கைப்பிடி மண்கூட எடுக்கக் கூடாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், ஒரே வளாகத்தில் தினமும் பெருக்கி இலையை அள்ளும் ஒரு பக்கம், சருகை அப்படியே விட்ட ஒரு பக்கம், இரண்டிலும் ஐந்தைந்து குழி எடுங்கள். எங்கள் வளாகத்தில் பெருக்காத பக்கமே இல்லை. பெருக்கும் அக்காவிடம், புங்கமரத்தடியை மட்டும் ஒரு வருடம் விட்டுவிடச் சொன்னேன். "குப்பையா கெடக்குன்னு என்னைத்தானே கேப்பாங்க" என்றார். அதுவும் நியாயம்தான். சங்கத்தில் பேசி, எழுத்தில் அனுமதி வாங்கி, நான்கு செங்கல் நட்டு எல்லை போட்டுக் கொடுத்தேன். அடுத்த ஜனவரியில் அந்த மூலையின் முதல் ட்ரேயை அவர்தான் கிளறினார், சருகுக்கும் மண்ணுக்கும் நடுவே கைவிட்டதும் மரவட்டை, குட்டிப் புழு, சிலந்தி என்று வரிசையாக வெளியே வந்தன. இப்போது வேறு எங்காவது புழுவைப் பார்த்தால், என்னைக் கேட்காமலே, அந்தச் செங்கலுக்குள் கொண்டுபோய் விடுகிறார். அப்படி விட்ட நாட்களையும் நோட்டில் குறித்து வைக்கிறேன், இல்லையென்றால் அடுத்த கணக்கு தப்பாகிவிடும்.